இன்னும் மூன்று வருடம்

ரயிலுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வீட்டில் அவன் இறுக்காத குழாய் ஒன்றும் பாக்கி இல்லை, எண்ணெய் விடாத கீல் ஒன்றும் பாக்கி இல்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பால்கனிக் கொடியை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினான். செருப்பு அலமாரியின் கால் ஆடுகிறது என்று அட்டையை மடித்து அடியில் கொடுத்தான். அதுவும் முடிந்த பிறகு, செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், உலர்ந்திருந்த போர்வைகளைக் கூடத்துத் தரையில் விரித்தான்.

மகள் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்று பார்த்தாள். பதின்மூன்று வயது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு வசனம் வைத்திருப்பாள்.

“அம்மா, இங்க வாயேன். அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டார்.”

“விடுடி,” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. “கையைக் கட்டிப் போட்டா அவருக்குக் காய்ச்சல் வந்துடும்.”

போர்வையை அவன் மற்றவர்கள் மடிப்பதுபோல் மடிப்பதில்லை. நீளவாக்கில் இழுத்துவிட்டு, புறங்கையால் நீவி உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் வெளியேற்றி, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பான். படையில் அவனுக்குப் பெயரே மடிப்பு. பன்னிரண்டு வருடமாக அவனுக்கு வேலை பாராசூட் மடிக்கும் கூடத்தில். நீள நீளமான மேசைகள், அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு கிடக்கும் துணி, துணி நகராமல் அழுத்திப் பிடிக்கச் சின்னச் சின்ன மணல் பைகள். ஒரு கயிறு இன்னொரு கயிற்றின் மேல் ஏறிக்கொண்டால் போதும், என்றோ ஒரு நாள் எங்கோ ஒருவன் கல்லாக இறங்குவான். அதனால் அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது ஒரு காலையில் அதிகாரி வந்து, மடித்து வைத்த மூட்டைகளில் ஒன்றை எடுத்து, அதை மடித்தவனிடமே நீட்டுவார். அவன் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டு விமானம் ஏறிக் குதிக்க வேண்டும். வேலையில் கள்ளம் வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது போர்வை பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. மச்சான். “மாப்ள, பத்து மணிக்கு ரெடியா இரு, விஷயம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அவன் திரும்பி வந்து, மடித்த பாதியை உதறிப் பிரித்து, மறுபடி விரித்தான்.

“பாதி முடிஞ்சிருந்துச்சேப்பா!”

“நடுவுல கையை எடுத்துட்டா முதல்லேருந்துதான்.”

“இதை மாட்டிக்கிட்டு யாரும் குதிக்கப் போறதில்லையே.”

“பழக்கம்டா.”

அது மடிப்புக் கூடத்தின் சட்டம். மடிக்கிறவனை நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால், எந்த இடத்தில் விட்டோம் என்று யோசிக்கக்கூடாது. எல்லாவற்றையும் பிரித்து ஆரம்பத்துக்கு வர வேண்டும். செய்யாததைச் செய்துவிட்டதாகக் கை நினைத்துக்கொள்ளும், கையை நம்பாதே என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சட்டம்தான் அவனை இந்த லீவில் மாட்டிவைத்தது. வந்த மறுநாள் சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். ரயிலில் வரும்போதே வார்த்தைகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அடுத்த மாசம் என் டேர்ம் முடியுது இல்ல, அது வந்து...” என்று தொடங்கினான். அழைப்பு மணி அடித்தது. சிலிண்டர்காரன். அவள் எழுந்து போய் கதவைத் திறந்து, பழையதைத் தூக்கிக் கொடுத்து, புதியதை உருட்டிக்கொண்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் தடவைக்குச் சேர்த்துவைத்த தைரியம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

அவளே கேட்டாள். “என்ன, விட மாட்டேங்கறாங்களா?”

அவன் தலை அசைந்தது. ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவனுக்கே தெளிவாக இல்லை.

“எத்தனை வருஷம்?”

“மூணு.”

அவள் புதுச் சிலிண்டரின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான் அவன் சொன்ன பொய். ஒரு தலையசைப்பு, ஒரு சொல். மீதியை வீடு பார்த்துக்கொண்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் அது மேலிடத்து உத்தரவாகிவிட்டது. மறுநாள் மச்சான் காதுக்குப் போனபோது மடிப்புக் கூடம் முழுவதற்கும் போட்ட கட்டளையாகிவிட்டது. யார் எதைச் சேர்த்தாலும் அவன் மறுக்கவில்லை. எழுந்து போய் ஏதாவது ஒரு குழாயை இறுக்கினான்.

உத்தரவு எதுவும் கிடையாது. யாரும் அவனை இருக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் காலைத் தேநீருக்கும் வருகைப் பதிவுக்கும் நடுவில் அவனேதான் எழுத்தர் அறைக்குப் போய், நீட்டிப்பு வேண்டும் என்றான். எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்ன மடிப்பு, வீட்டுல சண்டையா?”

“இல்லைங்க.”

“கடன் கிடன்?”

“இல்லைங்க.”

“அப்புறம் ஏன்யா? அவனவன் நாளை எண்ணிக்கிட்டு இருக்கான். உன்னை மாதிரி நாலு பேர் கிடைச்சா, ஆள் எடுக்கிற ஆபீஸையே மூடிடலாம்.”

எழுத்தர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் மேசைக்குத் திரும்பினான். அன்று மடித்த மடிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

உதறிய போர்வையின் தூசு மகளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. முதலில் இருமினாள். அப்புறம் அவளுடைய மூச்சில் அந்த மெல்லிய விசில் கேட்டது. அவன் ஒரே தாவலில் எழுந்தான். வீசிங்குக்கு மருந்து உறிஞ்சும் அந்த நீலக் குழல் டிவிக்குக் கீழே முதல் டிராயரில் இருக்கும். இழுத்தான். மெழுகுவத்தி, பழைய பேட்டரிகள். இரண்டாவதை இழுத்தான். கரண்ட் பில்கள். மூன்றாவது வரவே மாட்டேன் என்றது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அப்பா, அங்க இல்ல,” என்றாள் மகள் மூச்சுக்கு நடுவே. பள்ளிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து அவளே எடுத்துக்கொண்டாள். “மூணு வருஷமா அங்க இல்ல.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓடி வரவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். “ரெண்டு தடவை போதும். மெதுவா விடு. உக்காரு.” சிறிது நேரத்தில் விசில் நின்றது. மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு, போர்வைகளை வாரிக்கொண்டு போனாள். எல்லாம் முடிந்துவிட்டது. அவன் மட்டும் மூன்றாவது டிராயரின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

ஆயிரம் பேரின் உயிர் அவன் மடிப்பில் இருந்திருக்கிறது. மேசை எங்கே இருக்கிறது, மணல் பை எங்கே இருக்கிறது என்று அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இங்கே ஒரு டிராயர் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிற வீட்டில் அவன் விருந்தாளிக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். மனைவி இருக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. அவள் இல்லாவிட்டால் தெரிந்துவிடும்.

அவள் இல்லாமல் இருக்கப் போகிறாள் என்பதுதான் விஷயமே. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் சளியும் பார்க்கிற வேலை அவளுக்கு. இத்தனை வருடமாக மேற்பயிற்சி என்று எது வந்தாலும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்லி அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். இந்தத் தடவை எழுதிப் போட்டாள், தேர்வும் ஆகிவிட்டாள். வேறு ஊரில் எட்டு மாதம். திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் படிப்பு. முடித்துவிட்டு வந்தால் கூடத்துக்கே பொறுப்பாளர் ஆகலாம். அவன் டேர்ம் முடிந்து வீட்டுக்கு வருவான், அவள் கிளம்புவாள் என்று போட்ட கணக்கு. போனில் இதைச் சொன்னபோது அவள் குரல் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த குரல் மாதிரி இருந்தது. “நல்லது,” என்றான் அவன். வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

மச்சான் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வருகிற ஆள். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். மைக்கில் பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல்தான்.

“எல்லாரும் கிளம்புங்க! மாப்ள, சட்டையை மாத்து. மேஜரைப் பாக்கப் போறோம்.”

“எந்த மேஜர்?” என்றான் அவன். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

“ரிட்டயர்டு மேஜர். டிப்போவுக்குப் பின்னாடி வீடு. பஸ் ஹாரன் தூங்க விடலைன்னு வாரத்துக்கு ஒரு தடவை வந்து என்கிட்ட கத்துவார். கத்திக் கத்தி ஃபிரெண்ட் ஆயிட்டோம். மேல இருக்கிற பெரிய ஆளுங்கள்ல பாதிப் பேர் அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்களாம். ஒரு போன். உத்தரவு ரத்து. நீ அடுத்த மாசம் வீட்டுல, என் தங்கச்சி படிப்புல.”

“வேண்டாம் மச்சான். அதெல்லாம் அப்படிப் பண்ண முடியாது.”

“நீ கேட்டுப் பாத்தியா?”

“இல்ல...”

“கேக்காதவனுக்கு எப்படித் தெரியும் முடியாதுன்னு? உன்னை மாதிரி வாயில்லாப் பூச்சிங்களாத் தேடிப் பிடிச்சுத்தான் நிறுத்தி வெக்கிறான்.”

மனைவி ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். “ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமேங்க,” என்றாள். அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை. அவன் சட்டையை மாற்றினான். பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருப்பதை மகள்தான் சொன்னாள்.

நடந்தேதான் போனார்கள். மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சனிக்கிழமைத் தெரு, ஜெராக்ஸ் கடை வாசலில் மாணவர் கூட்டம், பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் முன்னால் நடந்தபடி போகிற பஸ்களை எல்லாம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, “நாலு நிமிஷம் லேட்டு, திருட்டுப் பய,” என்று முணுமுணுத்தார். அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். முதல் தடவை ஒரு லாரி கடந்தது. இரண்டாம் தடவை எதுவுமே கடக்கவில்லை, இருந்தும் சொல்லவில்லை.

“ஏங்க இப்படி ஓடறீங்க?” என்றாள் அவள். “அண்ணனையே முந்திடுவீங்க போலிருக்கு.”

மேஜர் கைவைத்த பனியனோடு கதவைத் திறந்தார். ஒரு முழங்காலில் தோல்பட்டை கட்டியிருந்தார். முன்னறையில் நான்கு நாற்காலி, ஒரு இரும்புப் பீரோ, ஜன்னல் ஓரத்தில் பழைய மேசைப் போன். வேறு எதுவும் இல்லை. சுவரில் படம்கூட இல்லை.

“எந்தப் பிரிவு?” என்றார் உட்கார்வதற்குள்.

அவன் சொன்னான்.

“மடிப்புக் கூடமா!” மேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. “தம்பி, உங்க ஆளுங்க மடிச்சதுல நான் எண்பது தடவைக்கு மேல குதிச்சிருக்கேன். ஒண்ணுகூட ஏமாத்தல. இந்த முட்டி போனது குளியலறையில வழுக்கி.” அவரே சிரித்துக்கொண்டார். “சொல்லுங்க, என்ன விஷயம்?”

மச்சான் விஷயத்தை ஒலிபெருக்கி இல்லாமலே அறிவித்தார். உத்தரவு, கூடம் முழுக்க நிறுத்திவைப்பு, மூன்று வருடம், தங்கையின் படிப்பு, திங்கட்கிழமை. மேஜர் மச்சானைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் எப்போதோ பார்வையை அவன் பக்கம் திருப்பினார். அவன் நாற்காலியின் கைப்பிடியில் பெயர்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

வெளியே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

“கேட்டீங்களா?” என்று மேஜர் எழுந்தார். “டைம் கீப்பர் சார், பின்னாடி பால்கனிக்குப் போங்க. எந்த பஸ், என்ன நம்பர், நீங்களே கண்ணால பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க. அம்மா, நீங்களும் போங்க, ஒரு சாட்சி வேணும்.”

“போனு...” என்றார் மச்சான்.

“போன் எங்கயும் ஓடிடாது. போங்க.”

அவர்கள் போனதும் மேஜர் குரலைத் தணித்தார்.

“அப்படி ஓர் உத்தரவு கிடையாது, தம்பி.”

அவன் சுரண்டுவதை நிறுத்தினான்.

“மடிப்புக் கூடத்துல ஆளை நிறுத்தி வெக்க மாட்டாங்க. மனசில்லாதவன் மடிச்சா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். தானா இருக்கேன்னு எழுதிக் குடுக்கிறவனை மட்டும்தான் வெச்சுக்குவாங்க.”

அவன் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தான்.

“சரி, வாயைத் திறக்க வேண்டாம். உன் முகம் போதும்.” மேஜர் வலிக்கும் காலை நீட்டிக்கொண்டார். “நான் ஒண்ணு பண்றேன். அவங்க வந்ததும் போன் பண்ற மாதிரி பண்றேன். முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்லிடறேன். உன் மச்சான் ரெண்டு நாள் குதிப்பார், அப்புறம் அடங்கிடுவார். நீ நாளைக்கு ரயில் ஏறிடு.”

“ஐயா, அது...”

“நானும் பண்ணியிருக்கேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. என் வீட்டுக்காரிக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

“அவங்க...?”

“போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு.” மேஜர் வெறும் சுவரைப் பார்த்தார். “தெரியாமலேயே போயிட்டா. நல்லதுதான்னு வெச்சுக்கோ.”

பின்னால் மச்சானின் குரல் கேட்டது. “பதினேழாம் நம்பர்! எனக்குத் தெரியும், அந்தப் பயதான்!” இருவரும் உள்ளே வந்தார்கள். மேஜர் ஒன்றுமே நடக்காததுபோல் போனை எடுத்து, எண்களைச் சுழற்றி, காதில் வைத்துக்கொண்டார். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. யாரையோ பெயர் சொல்லாமல் விசாரித்தார், சிரித்தார், முகத்தைச் சுளித்தார், “புரியுது, புரியுது,” என்றார். போனின் பின்னால் தொங்கிய கம்பி எதிலும் செருகப்படாமல் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அது அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மட்டும் தெரிந்தது.

“மன்னிக்கணும்,” என்று வைத்தார் மேஜர். “மேலேருந்து வந்ததாம். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

“அதெப்படி சார்?” மச்சான் எகிறினார். “பன்னெண்டு வருஷம் உழைச்சவனை இழுத்துப் பிடிச்சு வெக்கிறதுக்கு இவங்க யாரு? மாப்ள, நீ எழுந்திரு. நான் மனு எழுதறேன். டிப்போ யூனியன் மொத்தமும் கையெழுத்துப் போடும்.”

“பஸ்காரங்க கையெழுத்துக்கு பாராசூட் ஆபீஸ்ல என்னண்ணா மரியாதை?” என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “விட்டுடுங்கண்ணா,” என்றாள்.

“எப்படிம்மா விடறது? உன் படிப்பு?”

“படிப்பு எங்கயும் போகாது. அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம். இத்தனை நாள் இருந்த மாதிரி இருந்துட்டுப் போறேன்.” அவள் மேஜர் பக்கம் திரும்பினாள். “ரொம்ப நன்றி சார். கேட்டுப் பாத்தீங்களே, அதுவே போதும். என் மனசு ஆறிடுச்சு. இவருக்குத்தான் ஆறல. வந்ததுலேருந்து ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறார் சார். ராத்திரியெல்லாம் புரள்றார். வீட்டுக்கு வரணும்னு எவ்வளவு ஆசையோட இருந்திருந்தா இப்படித் தவிப்பார்? நான் வேற விவரம் தெரியாம, போன்ல எப்பப் பாத்தாலும் படிப்பு படிப்புன்னு இவரைப் பாடாப் படுத்திட்டேன்.”

“அப்படியெல்லாம் இல்ல,” என்றான் அவன். யாருக்கும் கேட்கவில்லை.

“நீங்க எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க,” என்றாள் அவள், அவனிடம். எழுந்து வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அண்ணன் முன்னால், வெளி மனிதர் முன்னால், அவள் ஒருநாளும் அப்படிச் செய்தவள் இல்லை. “உங்க கையில என்ன இருக்கு? சொன்ன இடத்துல இருக்கணும். அவ்வளவுதானே உங்க வேலை?”

மேஜர் தன் முழங்கால் பட்டையைக் குனிந்து அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “திங்கக்கிழமை வரைக்கும் இதை வெச்சுக்கிட்டு ஏன் உருளணும்? இப்பவே அனுப்பிட்டா அந்த இடம் வேற யாருக்காவது ஆகும். பாவம், யாராவது காத்துக்கிட்டு இருப்பா.” கட்டைவிரல் அசைந்தது. தட்டச்சு செய்ததை அவளே மெல்லப் படித்தாள். “குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் சேர இயலவில்லை. சரியா இருக்காண்ணா? ‘வருந்துகிறேன்’ போடணுமா?”

“போடும்மா,” என்றார் மச்சான். மைக் குரல் முழுக்க இறங்கியிருந்தது.

“அனுப்பாதே,” என்றான் அவன்.

“ஏங்க? மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்.”

அவன் எழுந்து நின்றுவிட்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. மேஜர் வேண்டாம் என்பதுபோல் கண்ணை லேசாக அசைத்தார். அவன் அவர் பக்கம் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பார்த்தான். நகத்தோரம் ஆய்வுக்கூடத்தின் ஊதாச் சாயம் ஒட்டியிருந்தது. பதினைந்து வருடமாக அது அங்கே இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள்.

“என்னை யாரும் நிறுத்தி வெக்கல,” என்றான். “உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானாப் போய் இருக்கேன்னு கேட்டு, கையெழுத்துப் போட்டேன்.”

அவள் கட்டைவிரல் போனை விட்டு விலகியது.

“எப்போ?” என்றாள் அவள்.

“நீ படிக்கப் போறேன்னு போன்ல சொன்னியே, அதுக்கு மறுநாள் காலைல.”